சர்வீஸ் முடிந்த பின் மினி டிராக்டர் எஞ்சின் உதறி ஓடுவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னந்தோப்பு, வாழை, பந்தல் காய்கறி ஆகியவற்றின் வரிசைகளுக்கிடையே ஓடும் 15 முதல் 30 குதிரைத்திறன் வரையிலான மினி டிராக்டர்களை மனத்தில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. இந்தியாவில் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த டிரெம் 4 புகை விதி 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கே பொருந்தும் என்பதால், சிறிய வண்டிகளில் பெரும்பாலானவை இன்றும் மின்னணுக் கட்டுப்பாடு இல்லாத, முழுக்க மெக்கானிக்கலான டீசல் பம்புடனேயே வருகின்றன. பொறுமையும் ஒரு செட் ஸ்பேனரும் இருந்தால், அவற்றின் கோளாறுகளில் பாதிக்கு மேல் வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம். அளவு சொல்ல வேண்டிய இடங்களில், மூன்று சிலிண்டரும் 1123 சி.சி. கொள்ளளவும் கொண்ட குபோட்டா டி1105 எஞ்சினை எடுத்துக்காட்டாகக் கொண்டுள்ளேன். உங்கள் வண்டி வேறாக இருந்தால், அதன் கையேட்டில் உள்ள அளவே செல்லும்.

நேற்று வரை நன்றாக ஓடிய எஞ்சின், சர்வீஸ் முடித்து ஸ்டார்ட் செய்ததும் உதறுகிறது. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கை பட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள். சர்வீஸில் எதையெல்லாம் கழற்றினார்கள், எதை மாற்றினார்கள், எதை வெறுமனே தளர்த்தி முறுக்கினார்கள் என்று ஒரு தாளில் எழுதி, அந்த வரிசையைக் கடைசியிலிருந்து முன்னோக்கிச் சரிபார்த்துக்கொண்டு வாருங்கள். டீசல் ஃபில்டர் மாற்றியிருந்தால் லைனில் காற்று. நாசிலை, அதாவது டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் முனையை, கழற்றியிருந்தால் அதன் வாஷர். டாப்பெட் பார்த்திருந்தால், வால்வுக்கும் அதை அழுத்தும் பகுதிக்கும் உள்ள வால்வு இடைவெளி. ஏர் கிளீனரைத் திறந்திருந்தால் காற்றுப் பாதை. ஃபில்டர் மாற்றிய அதே நாளில் டீசல் பம்பும் தானாகப் பழுதாகியிருக்கும் என்று எண்ணுவதற்கு இடமில்லை. அப்படி நடக்கவே நடக்காது என்பதில்லை. ஆனால் அந்தச் சந்தேகம் பட்டியலின் கடைசியில் இருக்க வேண்டியது. நம் ஊர்களில் நேர்மாறாக, வண்டி கொஞ்சம் உதறினாலே “பம்பை இறக்கிப் பார்த்துவிடலாம்” என்று பேச்சு தொடங்கிவிடுகிறது. பத்து ரூபாய் செம்பு வாஷரில் முடிய வேண்டிய வேலை ஆயிரங்களில் முடிவதற்கு அந்த அவசரம்தான் காரணம்.

சாதாரண சர்வீஸில் கணக்கில் வராத இன்னொரு வேலை வாட்டர் சர்வீஸ். அழுத்தமான தண்ணீர்ப் பீச்சு ஏர் கிளீனரின் வாயிலும், டீசல் டேங்க் மூடியின் காற்றுத் துளையிலும், மின் இணைப்புகளிலும் பட்டிருந்தால், எஞ்சினைத் திறக்காமலேயே கோளாறு உள்ளே போயிருக்கும். எழுதும் பட்டியலில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உதறல் என்றால் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. எந்த வகை உதறல் என்று முதலில் காது கொடுத்துக் கேட்பது, பிறகு செய்யும் வேலையில் பாதியை மிச்சப்படுத்தும்.

ஒரே சீராக, விடாமல், ஒரு தாளக்கட்டோடு மிஸ் அடித்தால் ஏதோ ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பொருள். மூன்று சிலிண்டர் எஞ்சின் 900 சுற்றில் நிற்கும்போது, ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 450 முறை வெடிக்கிறது. அதில் ஒன்று விட்டுப்போனால் நொடிக்கு ஏழெட்டு முறை ஓர் ஓட்டை விழும். பானெட்டில் கை வைத்தாலே அது தெரியும். வேகம் தானாக ஏறி ஏறி இறங்கினால், அதாவது மெக்கானிக்குகள் ஹண்டிங் என்று சொல்வது நடந்தால், டீசல் வரத்தில் காற்று கலக்கிறது அல்லது எஞ்சின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரின் இணைப்பு எங்கோ சிக்குகிறது. நிறுத்தி வைத்திருக்கும்போது ஒழுங்காக ஓடி, ரோட்டவேட்டரை இறக்கியதும் திணறினால், டீசலோ காற்றோ தேவையான அளவுக்கு வந்து சேரவில்லை. நன்றாகக் கிளம்பி, அரை மணி நேரம் கழித்து இழுவை குறைந்து நின்று, சற்று ஓய்வுக்குப் பின் மறுபடியும் கிளம்பினால், டேங்க் மூடியின் துளை அடைத்திருப்பதே முதல் சந்தேகம். நின்ற உடனே மூடியைத் திறந்து பாருங்கள்; காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டால் விடை கிடைத்துவிட்டது.

ஒற்றைச் சிலிண்டர் வண்டிகள் இயல்பாகவே ஆடுபவை. அவற்றில் ஆட்டம் எவ்வளவு என்பதைவிட, நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு என்ன என்பதையே பார்க்க வேண்டும்.

டீசல் ஃபில்டர் மட்டும்தான் மாற்றினோம். கொஞ்சம் காற்று உள்ளே போனால் இவ்வளவு உதறுமா?

உதறும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது பம்ப் ஒவ்வொரு முறையும் ஒரு சிலிண்டருக்கு அனுப்பும் டீசல் ஒரு சொட்டுக்கும் குறைவு. அந்தத் துளி நாசிலைத் திறக்க வேண்டுமானால் குழாயில் அழுத்தம் மிக உயர வேண்டும். டீசலை முதலில் ஒரு சிறு அறையில் பீச்சும் டி1105 போன்ற முன்னறை எஞ்சின்களில் ஏறத்தாழ 140 பார், நேராகச் சிலிண்டருக்குள் பீச்சும் எஞ்சின்களில் 200 பாருக்கு மேல். டீசல் அமுங்காது, காற்று அமுங்கும். குழாயில் ஒரு குமிழி இருந்தால், பம்பின் தள்ளல் முழுவதும் அந்தக் குமிழியை அமுக்குவதிலேயே செலவாகிவிடும். நாசில் திறக்காது அல்லது அரைகுறையாகத் திறந்து டீசலைத் தெளிக்காமல் ஒழுகவிடும். அந்தச் சிலிண்டர் அந்தச் சுற்றில் வெடிக்காது.

மீதமிருக்கும் சிறிது காற்று சில நிமிட ஓட்டத்தில், மிச்ச டீசலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டன் பைப் வழியாகத் தானே வெளியேறிவிடும். ஐந்து, பத்து நிமிடங்களுக்குப் பிறகும் உதறல் குறையவில்லை என்றால், “ஓட ஓடச் சரியாகிவிடும்” என்ற வார்த்தையை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

முறையாக ஏர் எடுப்பது, அதாவது டீசல் லைனில் உள்ள காற்றை வெளியேற்றுவது, எப்படி?

டேங்கில் பாதிக்கு மேல் டீசல் இருக்கட்டும். டீசல் காக்கு முழுவதும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபில்டர் மாற்றும்போது மூடியவர்கள் பாதி திறந்து விட்டுப்போவது மிகச் சாதாரணம். ஃபில்டர் தலையையும் பம்பின் ஏர் ஸ்க்ரூவையும் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்த பிறகே ஸ்பேனரை வையுங்கள்.

முதலில் ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவை ஒன்றிரண்டு சுற்றுத் தளர்த்தி, ஹேண்ட் பிரைமரை (டீசலைக் கையால் தள்ளும் சிறு பம்பை) அழுத்திக்கொண்டே இருங்கள். முதலில் நுரை வரும், பிறகு நுரையும் டீசலும் மாறி மாறி வரும், கடைசியில் குமிழி இல்லாத தெளிவான டீசல் வரும். அது வழிந்துகொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை முறுக்குங்கள். நின்ற பிறகு முறுக்கினால் மறுபடியும் சிறிது காற்று உள்ளே போய்விடும். இரண்டு ஃபில்டர் உள்ள வண்டியில் டேங்குக்கு அருகில் உள்ளதை முதலிலும் மற்றதை அடுத்தும் செய்ய வேண்டும். பின்னர் பம்பின் ஏர் ஸ்க்ரூவில் இதையே செய்யுங்கள். டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்ப் மின்சாரத்தில் ஓடும் வண்டிகளில் பிரைமருக்கு வேலையில்லை; சாவியை ஆன் நிலையில் அரை நிமிடம் வைத்தால் பம்ப் தானே டீசலைத் தள்ளும்.

இவ்வளவு செய்தும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் மட்டுமே நாசில் முனையில் உள்ள பிரஷர் பைப் நட்டுகளுக்குப் போக வேண்டும். கியரை நியூட்ரலில் வைத்து, நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, ஆக்சிலேட்டரை முழுவதும் திறந்து செல்ஃப் அடியுங்கள்; ஒவ்வொரு நட்டிலும் டீசல் துடித்துத் துடித்து வெளிவந்ததும் முறுக்கிவிடலாம். செல்ஃபைத் தொடர்ந்து பத்து நொடிக்கு மேல் பிடிக்காதீர்கள். ஒவ்வொரு முறைக்கும் இடையே அரை நிமிடமாவது ஆறவிடுங்கள். வழிந்த டீசலைத் துடைக்காமல் எஞ்சினைச் சூடேற்றக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏர் எடுத்தால் நன்றாக ஓடுகிறது; சிறிது நேரத்தில் மறுபடியும் உதறுகிறது. காற்று எங்கிருந்து வருகிறது?

டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையிலான பகுதி உறிஞ்சும் பகுதி. அங்கே ஒரு மூட்டு தளர்ந்திருந்தால், எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். “எங்கும் ஒழுகவில்லையே” என்று பலர் இங்குதான் ஏமாறுகிறார்கள்.

சர்வீஸுக்குப் பின் இதற்குப் பெரும்பாலும் காரணம் ஃபில்டரின் ரப்பர் வளையம். பழைய வளையம் ஃபில்டர் தலையின் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்க, புதிய ஃபில்டரோடு வந்த வளையத்தையும் சேர்த்து முறுக்கிவிடுவார்கள். இரண்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் சரியாக உட்காராது. நம் நாட்டு டிராக்டர்கள் பலவற்றில் துணி எலிமென்ட் முதலிலும் காகித எலிமென்ட் இரண்டாவதாகவும் இருக்கும். அவை இடம் மாறிப் பொருத்தப்பட்டிருந்தால் காகிதம் விரைவிலேயே அடைத்துக்கொள்ளும். டீசல் குழாயை இணைக்கும், நடுவே துளையுள்ள பான்ஜோ போல்ட்டின் இரு பக்கமும் இருக்கும் செம்பு வாஷர்கள் ஒருமுறை நசுங்கி உட்கார்ந்தவை. கழற்றினால் புதிதாகப் போடுவதே முறை. டீசல் ஓஸின் கிளிப் இருந்த இடத்தில் ரப்பர் வெடித்திருக்கிறதா என்பதை, அந்த இடத்தை மடக்கிப் பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும்.

குமிழியைக் கண்ணால் பார்த்துவிடுவது மேல். டீசலைத் தாங்கும் ஒளி ஊடுருவும் ஓஸ் ஒரு சாண் நீளத்துக்கு வாங்கி, ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையே தற்காலிகமாக மாட்டி எஞ்சினை ஓடவிடுங்கள். குமிழி தொடர்ந்து ஓடினால் அந்த ஓஸை ஒவ்வொரு மூட்டாகப் பின்னுக்கு நகர்த்துங்கள். எந்த மூட்டைத் தாண்டியதும் குமிழி காணாமல் போகிறதோ அந்த மூட்டுதான் குற்றவாளி. இன்னும் விரைவான வழியும் ஒன்று உண்டு. சுத்தமான கேனில் வடிகட்டிய டீசலை ஊற்றி, பம்பைவிட உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு, டேங்க், காக்கு, ஃபில்டர் அனைத்தையும் விட்டுவிட்டு நேரே பம்புக்கு இணைத்து ஓட்டிப் பாருங்கள். உதறல் நின்றுவிட்டால் பம்பும் நாசிலும் நல்லவை; கோளாறு அவற்றுக்கு முன்னால்தான் இருக்கிறது. பம்ப் கடைக்குப் புறப்படும் முன் இந்த ஒரு சோதனையையாவது செய்துவிடுங்கள். இது சோதனைக்கு மட்டுமே. ஃபில்டர் இல்லாமல் வயலில் ஓட்டக் கூடாது.

எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆபத்தில்லாத சோதனையை முதலில் செய்யுங்கள். இரவு முழுவதும் ஆறிய எஞ்சினைக் காலையில் ஸ்டார்ட் செய்து, ஒரு நிமிடத்துக்குள் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஒவ்வொரு கிளைக்கும் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். வேலை செய்யும் சிலிண்டரின் கிளையில் தண்ணீர் சட்டென்று ஆவியாகும். வேலை செய்யாததன் கிளையில் அப்படியே வழிந்து இறங்கும். தூரத்திலிருந்து வெப்பம் அளக்கும் கருவி இருந்தால் இன்னும் எளிது.

மெக்கானிக்குகள் செய்யும் சோதனை, ஓடும் எஞ்சினில் பிரஷர் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பது. நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் எஞ்சின் மேலும் தடுமாறும். பழுதானதைத் தளர்த்தினால் சத்தத்தில் ஒரு மாற்றமும் இராது. இதைச் செய்பவர் எஞ்சினை மெதுவேகத்தில் வைத்து, கண்ணாடி அணிந்து, நட்டின் மேல் துணியைப் போர்த்தி, முகத்தை விலக்கி வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும். அந்த அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கையுறை அதைத் தடுக்காது. வெளியே ஊசி குத்தியது போலச் சிறு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது, ஆனால் சில மணி நேரத்தில் விரலையே இழக்கும் நிலை வரலாம். அப்படிப் பட்டுவிட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு இருக்காமல், உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், உயர் அழுத்த டீசல் பட்டது என்று சொல்ல வேண்டும். டீசலை மிக உயர்ந்த அழுத்தத்தில் ஒரே பொதுக் குழாயில் தேக்கி வைக்கும் காமன் ரெயில் வகைப் பெரிய டிராக்டர்களில் இந்தச் சோதனையை ஒருபோதும் செய்யக் கூடாது.

புகையின் நிறம் ஏதாவது சொல்லுமா?

சொல்லும், ஆனால் தனியாக அதை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது. கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை, எரியாத டீசல். காற்று கலந்த லைன், ஒழுகும் நாசில், தாமதமான டைமிங் (டீசல் பீச்சும் நேரம்), கம்ப்ரஷன் (காற்றை அமுக்கும் அழுத்தம்) இல்லாத சிலிண்டர் ஆகியவை அதைத் தரும். சூடான பின்னும் மணமில்லாத வெண்ணிற ஆவி தொடர்ந்து வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். கறுப்புப் புகைக்கு டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு என்பதே பொருள். நீலம் என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது.

ஏர் கிளீனரைத் துடைத்து மாட்டியதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. ஆனால் இழுவை இல்லை, கறுப்புப் புகை வருகிறது.

ஏர் கிளீனரைக் கழற்றியதும் எஞ்சினுக்குள் தூசு போகாமல் இருக்கக் குழாயின் வாயில் துணியைச் செருகி வைப்பது நல்ல பழக்கம். அதை எடுக்க மறந்து மேலே மூடிவிடுவதும் நடப்பதுதான். முதலில் ஓஸைக் கழற்றி உள்ளே பாருங்கள். துணி இல்லை என்றால், ஓஸ் உள்பக்கமாக மடங்கியிருக்கிறதா, எலிமென்ட் சரியான அளவுதானா, ஈரமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாட்டர் சர்வீஸில் நனைந்த காகித எலிமென்ட் காற்றை விடாது. அதைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதும்போது உள்ளிருந்து வெளிப்பக்கமாக, சுமார் 2 பாருக்கு மிகாமல் ஊதுவதே சரி. டயருக்குக் காற்றடிக்கும் வேகத்தில் ஊதினால் காகிதம் கிழிந்து, அன்று முதல் மண் நேராக எஞ்சினுக்குப் போகும்.

காற்றை எண்ணெயில் படவிட்டு வடிகட்டும் ஆயில் பாத் வகை ஏர் கிளீனரில் எண்ணெயைக் கோட்டுக்கு மேல் ஊற்றியிருந்தால், காற்றோடு எண்ணெயும் உறிஞ்சப்பட்டு நீலப் புகையோடு எஞ்சின் உறுமும். அது வெறும் உதறலாக நிற்காமல், எஞ்சின் தன் கட்டுப்பாட்டை மீறி வேகமெடுப்பதில் போய் முடியலாம்.

எஞ்சின் ஆயில் மாற்றியதால் உதறல் வருமா?

பொதுவாக வராது. கையேடு சொன்ன தரத்தில் வேறொரு நிறுவனத்தின் ஆயிலை ஊற்றியதற்காக எந்தச் சிலிண்டரும் வேலைநிறுத்தம் செய்வதில்லை. அளவு மட்டும் முக்கியம். டிப் ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினால் கிராங்க் அதை அடித்து நுரையாக்கி, எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிரீதர் வழியாகக் காற்றுப் பாதைக்குத் தள்ளும். ஊற்றியபோது சரியாக இருந்த ஆயில் மட்டம் சில நாட்களில் தானாக உயர்ந்தால், டீசல் ஆயிலில் கலக்கிறது. ஸ்டிக்கை முகர்ந்தாலே தெரியும். அந்த நிலையில் வண்டியை ஓட்டக் கூடாது.

டாப்பெட் அட்ஜஸ்ட் செய்த பிறகு ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்கிறது.

அந்தச் சிலிண்டரின் வால்வு முழுவதும் மூடவில்லை என்பதே பெரும்பாலும் விடை. டி1105 எஞ்சினில், ஆறிய நிலையில், இரு வால்வுகளுக்கும் இடைவெளி 0.145 முதல் 0.185 மி.மீ. வரை இருக்க வேண்டும். சூடான எஞ்சினில் ஃபில்லர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு அட்ஜஸ்ட் செய்தாலோ, இரு வால்வும் மூடியிருக்க, பிஸ்டன் காற்றை முழுவதும் அமுக்கி மேலே நிற்கும் கம்ப்ரஷன் உச்சியில் இல்லாதபோது செய்தாலோ இந்த அளவு பொய்யாகிவிடும்.

அடிக்கடி நடக்கும் தவறு இரண்டாவது வகை. ஃப்ளைவீலில் உள்ள உச்சிக் குறி ஒவ்வொரு சுற்றிலும் வரும். ஆனால் கம்ப்ரஷன் உச்சி இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வரும். குறி பொருந்தியிருக்கும்போது அந்தச் சிலிண்டரின் வால்வுகளை அழுத்தும் இரண்டு ராக்கர்களையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். இரண்டிலும் சிறு ஆட்டம் இருந்தால் அது கம்ப்ரஷன் உச்சி. ஃப்ளைவீலை முன்னும் பின்னும் கொஞ்சம் அசைக்கும்போது ஒரு ராக்கர் இறங்கி மற்றொன்று ஏறினால் அது ஓவர்லேப், அதாவது ஒரு வால்வு மூடும்போதே மற்றது திறக்கும் நிலை. இன்னும் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். டி1105 வெடிக்கும் வரிசை 1-2-3. முதல் சிலிண்டர் கம்ப்ரஷன் உச்சியில் இருக்கும்போது, அதன் இரண்டு வால்வுகளோடு இரண்டாவதன் எக்ஸாஸ்ட் வால்வையும் மூன்றாவதன் இன்லெட் வால்வையும் அட்ஜஸ்ட் செய்யலாம். ஒரு முழுச் சுற்றுக்குப் பின் மீதி இரண்டையும் முடிக்கலாம். வேறு எஞ்சின்களில் வெடிக்கும் வரிசை மாறினால் இந்தக் கணக்கும் மாறும். ஆகையால், ஐயமிருந்தால் ஒவ்வொரு சிலிண்டரையும் அதனதன் உச்சிக்குக் கொண்டுவந்து தனித்தனியே செய்வது நேரம் எடுத்தாலும் தவறாது.

அட்ஜஸ்ட் செய்து லாக் நட்டை முறுக்கும்போது ஸ்க்ரூவும் சேர்ந்து சுற்றி இடைவெளி குறைந்துவிடும். எனவே முறுக்கிய பிறகு கேஜை இன்னொரு முறை விட்டுப் பாருங்கள். இடைவெளி அதிகமானால் டக்டக் என்ற சத்தம் வந்து உங்களை எச்சரிக்கும். குறைந்தால் ஒரு சத்தமும் வராது. வால்வு மூடாமல் நின்று கருகும். சத்தம் போடாத டாப்பெட்தான் நல்ல டாப்பெட் என்ற எண்ணம் பல எஞ்சின்களின் வால்வைத் தின்றிருக்கிறது.

நாசிலை டெஸ்ட் செய்து மாட்டிய பிறகு உதறல் தொடங்கியது. டெஸ்டரில் நன்றாகத் தெளித்ததே?

டெஸ்டரில் நல்லதாக இருந்த நாசில், எஞ்சினில் சரியாக உட்காராமல் இருக்கலாம். பழைய செம்பு வாஷர் ஹெட்டின் குழிக்குள் கரியோடு ஒட்டிக்கொண்டு நிற்க, அதன் மேல் புதியதும் போடப்பட்டிருந்தால் நாசில் அந்த அளவு மேலே நிற்கும். தெளிப்பு போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேராது. வாஷரே போடாமல் விட்டிருந்தாலோ, குழியில் கரித்துணுக்கு இருந்தாலோ கம்ப்ரஷன் கசியும். எஞ்சின் ஓடும்போது நாசிலின் அடியைச் சுற்றிச் சோப்பு நீரோ சிறிது டீசலோ விட்டுப் பாருங்கள். குமிழி விட்டால் கசிவு உறுதி. குழிக்குள் டார்ச் அடித்துப் பார்க்காமல் புது வாஷரைப் போடுவது வேலையை இரட்டிப்பாக்கும்.

நாசில்களைத் திறக்கும் அழுத்தம் ஒன்றுக்கொன்று வேறுபட்டாலும் மெதுவேகத்தில் உதறும். ஒன்றை மட்டும் புதிதாக்கி மற்றவற்றைத் தேய்ந்த நிலையிலேயே விட்டிருந்தால், மூன்றையும் ஒரே அளவுக்குச் சரிசெய்யச் சொல்லுங்கள். சந்தேகமுள்ள நாசிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் போட்டுப் பார்ப்பது எளிய சோதனை: மிஸ் அதனோடு நகர்ந்தால் நாசில் பழுது, அதே சிலிண்டரில் நின்றால் வால்வையோ கம்ப்ரஷனையோ பாருங்கள். ரிட்டன் பைப் மடங்கியோ அடைத்தோ இருந்தாலும் நாசில் ஒழுங்காகத் திறக்காது. கண்ணில் படாத இடம் என்பதால் பலரும் அதைக் கவனிப்பதில்லை.

பம்பை இறக்கி ஏற்றியிருக்கிறார்கள். இப்போது எஞ்சின் கடகடவென்று அடிக்கிறது.

டைமிங் முந்திவிட்டது. பம்பின் அடியில் ஷிம் என்னும் மெல்லிய தகடுகள் எத்தனை இருந்தனவோ அத்தனையும் திரும்பப் போட்டிருக்க வேண்டும். குபோட்டாவின் இந்த வகை எஞ்சின்களில் 0.05 மி.மீ. ஷிம் கூடினால் டைமிங் ஏறத்தாழ அரை டிகிரி பிந்தும், குறைந்தால் அதே அளவு முந்தும். முந்தினால் உலோகத்தை உளியால் தட்டுவது போன்ற சத்தம் வரும். பிந்தினால் வெள்ளைப் புகையும் மந்தமும் சைலன்சர் சூடும் வரும்.

ஷிம்மைவிட முக்கியமானது ஒன்று உண்டு. டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் பம்பின் கன்ட்ரோல் ராக்கில் உள்ள சிறு முள், கவர்னர் லீவரின் பிளவுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். அது வெளியே நின்றால் டீசல் அளவின் மீது கவர்னருக்குப் பிடியே இருக்காது. ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் உச்ச வேகத்துக்குப் பறந்துவிடும். பம்ப் ஏற்றிய எந்த எஞ்சினையும், காற்றை அடைக்கக் கையில் பலகை வைத்துக்கொண்டு ஒருவர் நிற்காமல் முதல்முறை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

அப்படி வேகமெடுத்துவிட்டால் ஸ்டாப் லீவரை இழுங்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால் ஏர் கிளீனர் குழாயின் வாயைத் தட்டையான கெட்டிப் பலகையால் அடையுங்கள். கையால் அடைக்கக் கூடாது. துணியால் அடைத்தால் அது உள்ளே இழுபட்டுவிடும்.

மெதுவேகத்தில் மட்டும் நின்று நின்று போகிறது. ஐடில் ஸ்க்ரூவை ஏற்றிவிட்டால் போதாதா?

ஏற்றினால் நோய் மறையும், போகாது. முதலில் ஸ்டாப் கேபிளைப் பாருங்கள். சர்வீஸின்போது கழற்றி மாட்டிய கேபிள் ஓரிரு மில்லிமீட்டர் இழுபட்ட நிலையில் நின்றால், ஸ்டாப் லீவர் முழுவதும் திரும்பாமல் டீசலைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். ஆக்சிலேட்டர் இணைப்பும் அப்படியே. இரண்டையும் கழற்றிவிட்டு லீவர்களைக் கையால் அசைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பம்பில் கம்பி கட்டி ஈய முத்திரை வைத்திருக்கும் ஸ்க்ரூ அதிகபட்ச டீசல் அளவுக்கானது. அதை உடைத்தால் வாரண்டி போவதோடு, கறுப்புப் புகையும் டீசல் செலவும்தான் மிஞ்சும்.

டீசலே சரியில்லாமல் இருக்குமோ?

இருக்கலாம், குறிப்பாகக் கேனில் வாங்கி வைத்து ஊற்றுபவர்களுக்கு. ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து, சிறிது டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கும். தங்கினால் டேங்கை முழுவதும் வடித்துவிட்டு, ஃபில்டரையும் மறுபடியும் மாற்ற வேண்டும். புது ஃபில்டரில் டீசலை நிரப்பி மாட்டும் பழக்கமுள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நடுத் துளையில் ஊற்றினால் அந்த டீசல் வடிகட்டப்படாமலேயே பம்புக்குப் போகும்.

உழவு நேரம், மழை ஈரம் காய்கிறது. உதறலோடே இந்த வாரத்தை ஓட்டிவிடலாமா?

லைனில் சிறிது காற்று, அதனால் அவ்வப்போது ஒரு தடுமாற்றம் என்றால், ஏர் எடுத்துக்கொண்டே ஒரு நாளை ஓட்டிவிடலாம். ஒரு சிலிண்டர் முழுவதும் வேலை செய்யாத நிலையில் ஓட்டக் கூடாது. எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எஞ்சின் ஆயிலை நீர்க்கச் செய்யும். ரிங்கும் பேரிங்கும் தேயும். மீதியுள்ள இரண்டு சிலிண்டர்களும் மூன்றின் சுமையை இழுக்கும். டைமிங் முந்திக் கடகடவென்று அடிக்கும் எஞ்சினையும் நிறுத்தியே ஆக வேண்டும்.

மெக்கானிக்கிடம் அனுப்ப வேண்டி வந்தால், என்னென்ன கழற்றினீர்கள் என்ற அந்தத் தாளையும், கழற்றிய பழைய ஃபில்டர், வளையம், வாஷர்களையும் சேர்த்து அனுப்புங்கள். பழைய வாஷர் ஒன்று கணக்கில் குறைந்தால், அது எங்கே இருக்கிறது என்று அவர் ஹெட்டைப் பார்த்ததுமே சொல்லிவிடுவார்.